நாற்பத்தொரு கைநாட்டு

ஒருவருக்கு வந்த கடிதத்துக்கு அவர் பதில் போடாமலே செத்துப்போனால், அந்தப் பதில் யாருடைய பொறுப்பு?

இதை என்னிடம் கேட்டவர் எங்கள் காரியாலயத்தின் சிற்றூழியர். பெட்டி தூக்குவது, தூசு தட்டுவது, தேநீர் கொடுப்பது அவருடைய வேலை. நான் பல்கலைக்கழகம் முடித்த கையோடு, பழைய கடிதங்களைப் பட்டியல் போடும் வேலைக்கு அங்கே சேர்ந்திருந்தேன். ஏழு வருடங்கள் ஆகின்றன. அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். இன்றும் பதில் தெரியவில்லை. சிரிக்கத்தான் முடியவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்க எனக்கு வழி இல்லை. ஏன் இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டோம். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்திலிருந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, தினமும் இறங்கி நடந்தே வருவார். மழை நாளில் செருப்பைப் பொலித்தீன் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். வந்ததும் வாசல் குழாயில் கால் கழுவிவிட்டு, அன்றைய தபால் வந்துவிட்டதா என்று பார்ப்பார். அவருக்கு அங்கே ஒரு தபாலும் வராது. ஆனாலும் பார்ப்பார்.

கண்டிக் குளத்துக்கு மேலே ஏறும் வளைவுப் பாதையில் இருக்கும் ஒரு பழைய பங்களாவில்தான் எங்கள் நிலையம். தனியார் நிலையம். வெள்ளைக்காரத் துரை ஒருவருடைய தாள்களைப் பாதுகாக்க அமைத்தது. அவர் வாலிபத்தில் இந்தப் பக்கத்தில் உத்தியோகம் பார்த்தவர். பிறகு இங்கிலாந்துக்குப் போய் அரசியலில் ஏறி மந்திரியானார். ஓய்ந்த நேரத்தில் கீழைத்தேச மொழிகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். ராஜதந்திரி, அறிஞர் என்று வாசலில் பித்தளைப் பலகை வைத்திருந்தார்கள். அவருடைய பரம்பரையில் யாரோ பதினொரு டிரங்குப் பெட்டிகளை அனுப்பிவைக்க, அவற்றுக்குள் இருந்ததைப் பட்டியல் போடத்தான் என்னை எடுத்தார்கள்.

அக்காவைப் பற்றி ஒரே ஒரு விசயம்தான் சொல்வேன் என்றால் இதைத்தான் சொல்வேன்: பதில் இல்லாமல் எதுவும் கிடப்பதை அவரால் தாங்க முடியாது.

காரியாலயத் தொலைபேசிக்கு அடிக்கடி தவறான அழைப்பு வரும். யாரோ கூரை ஓடு விற்கும் கடையைக் கேட்பார்கள். நாங்கள் பிழையான நம்பர் என்று வைத்துவிடுவோம். அக்கா வைக்க மாட்டார். "எந்தக் கடைங்க? என்னா வேணும்? ஒங்க நம்பரக் குடுங்க." மறுநாள் கண்டி மார்க்கெட் பக்கம் போய், அந்தக் கடையைத் தேடிப் பிடித்து, சரியான நம்பரை வாங்கிவந்து, முன்பின் தெரியாத அந்த மனிதருக்கு அழைத்துச் சொல்வார். பங்களாவுக்குப் பக்கத்துச் சுவரில் 'இங்கே குப்பை போட வேண்டாம்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதன் கீழே கரித்துண்டால் அழகான எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'போடல. தொட்டி எங்க வைக்கப்போறீங்க?' அவரிடம் கேட்டபோது மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. "ஒருத்தங்க நம்மகிட்ட சொன்னா, நாம ஒண்ணு சொல்லணும்ல" என்றார்.

தேநீர் வேளையில் துரையின் கடிதங்களை நான் அவருக்குத் தமிழில் சொல்லிக்காட்டுவேன். கேட்டதும் அவர், எதிர்ச் சுவருக்கு முன்னால் துரையே கதிரை போட்டு உட்கார்ந்திருப்பது போலப் பதில் சொல்ல ஆரம்பிப்பார். துரை தன் தங்கைக்கு எழுதுகிறார்: இங்கே சமையல்காரன் சரியில்லை, சூப் தண்ணீராக இருக்கிறது. அக்கா தேநீரைக் கீழே வைப்பார். "எட்டுத் தாளுக்கு எழுதியிருக்கீங்களே, அவம் பேரு என்னான்னு எழுதுனீங்களாங்க? பேரு தெரியாத ஆளு வச்ச சூப்பு தண்ணியாத்தான் இருக்கும்."

துரை ஒழுங்கானவர். தான் எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார். லண்டனில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மட்டும் மூன்று கடிதங்கள். இடது சப்பாத்து இறுக்குகிறது என்று ஒன்று. இன்னும் பதில் வரவில்லையே என்று இன்னொன்று. பதில் போடாதது மரியாதைக் கேடு என்று மூன்றாவது. அந்த மூன்றையும் அக்கா திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பார். "மரியாதக் கேடு. ஆமாங்க. ரொம்பச் சரிங்க" என்று தலையாட்டுவார். துரை மேல் அவருக்கு அப்போது ஒரு மதிப்பு இருந்தது என்றுகூட நினைக்கிறேன். தன்னைப் போல ஒரு ஆள் என்று நினைத்திருப்பார்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார். படித்து முடித்து ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாராம். லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. எல்லாத் தபாலும் தோட்ட ஆபீசுக்கு வந்து, யார் கண்ணிலாவது பட்டால்தான் ஆளுக்குக் கிடைக்கும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் அவர் கைக்கு வந்தபோது பரீட்சை முடிந்து இரண்டு மாதம். "நா அப்பயும் பதில் போட்டேன் தங்கச்சி. ஒங்க கடிதம் கெடச்சிச்சு, நன்றி, அடுத்த தடவ கொஞ்சம் முன்னாடியே அனுப்புங்கன்னு." சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது எனக்குக் கோபமாக வருகிறது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

ஏழாவது பெட்டியின் அடியில் அந்தக் கட்டு இருந்தது. சிவப்பு நாடாவால் கட்டிய தமிழ்க் கடிதங்கள், நாற்பத்தொன்று. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து துரைக்கு எழுதிய பெட்டிசங்கள், அதாவது மனுக்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட தாள்.

இனி எழுதுவதில் நான் எனக்குச் சாதகமாக எதையும் மாற்றிவிடக் கூடாது என்று கவனமாக இருக்கிறேன்.

அந்த வாரம் பட்டியலை ஒப்படைக்க வேண்டிய வாரம். நான் முதல் நான்கைந்து கடிதங்களைப் பிரித்தேன். எல்லாம் ஒரே கையெழுத்து. ஒரே மாதிரித் தொடக்கம். எங்களுக்குச் சொல்லித்தந்த முறைப்படி, எழுதியவர் பெயரைக் கடிதத்தின் அடியில் தேடினேன். அடியில் பெயர் இல்லை. கைநாட்டு வைத்த ஒரு மைத் தடம் மட்டும் இருந்தது. மற்றவற்றின் அடியையும் புரட்டிப் பார்த்தேன். அப்படியேதான். பட்டியலில் எழுதினேன்: 'தமிழ்க் கடிதங்கள். எழுதியவர் ஒருவர். பெயர் தெரியவில்லை. எண்ணிக்கை நாற்பத்தொன்று.'

மூன்று நாள் கழித்து, தூசு தட்டப் போன அக்கா அந்தக் கட்டோடு என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, இதுல எத்தன பேரு?"

"ஒருத்தர்தான் அக்கா. கையெழுத்து ஒண்ணுதானே."

"ஒரு கை எழுதுனா ஒரே ஆளா?"

அவர் கடிதங்களை என் மேசையில் வரிசையாகப் பரப்பினார். மூன்றாவது வரியில் விரலை வைத்தார். இன்ன தோட்டத்தில் இருக்கும் இன்னாருடைய மகள் இன்னார் விண்ணப்பம் செய்துகொள்வது. அடுத்த கடிதத்தில் மூன்றாவது வரி. வேறு தோட்டம், வேறு பெயர். பெட்டிசத்தில் பெயர் மேலேதான் வரும். துரைமார் கடிதத்தில்தான் அது அடியில் வரும். நான் துரைமார் பெயர் போடும் இடத்தில் எங்கள் ஆட்களைத் தேடியிருக்கிறேன். என் அப்பா பிறந்ததும் ஹேவாஹெட்டத் தோட்டம் ஒன்றில்தான். எங்கள் வீட்டு அலுமாரியிலேயே இப்படி ஒரு பெட்டிச நகல் இருக்கிறது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இந்தப் பெருவெரலு பாரு, ஓரத்துல வெடிப்பு. கொழுந்து எடுக்கிற வெரலு. இது ஆம்பள, அகலமா இருக்கு. இது சின்னப் புள்ள மாதிரி" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பிறகு தன் பெருவிரலை ஒரு தடத்தின் பக்கத்தில், தாளில் படாமல், பிடித்துப் பார்த்தார். "ஒரே ஆளு எழுதிக் குடுத்திருப்பாரு. எழுதத் தெரிஞ்சவரு. எங்க லயத்துல நா எழுதிக் குடுக்கிறேனே, அது மாதிரி."

அப்போதுதான் எனக்கு அது தெரியவந்தது. அவருடைய லயத்தில் கூரை ஒழுகினாலும், தண்ணீர் வராவிட்டாலும், வங்கியிலிருந்து சிங்களத்தில் ஏதாவது வந்தாலும், எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். அவர் எழுதிக் கொடுப்பார். ஒரு தடவை தோட்டக் கம்பெனி ஆபீசில் அந்தக் கடிதங்களையெல்லாம் ஒரே கோப்பில் போட்டு, மேலே அவர் பெயரை எழுதி வைத்திருந்ததைக் கண்டாராம். "அறுவது குடும்பம் தங்கச்சி. அவங்களுக்கு நா ஒருத்திதான் கொற சொல்றவ. 'அந்தப் பொம்பள திரும்பவும் எழுதியிருக்கா'ன்னு சொல்லிச் சிரிப்பாங்களாம்."

அதையேதான் நானும் செய்திருந்தேன். நாற்பத்தொரு பேரை ஒருவராக்கியிருந்தேன்.

பிறகு ஒரு கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். வாசிக்கச் சொன்னார். ஒரு தாயுடைய கடிதம். நாலு வயது மகளுக்குக் காய்ச்சல். கண்டியில் கூலிகளுக்கான ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தாயைக் கூடப் போக விடவில்லை. மூன்று மாதம் ஆகியும் பிள்ளை வரவில்லை, சேதியும் இல்லை. உயிரோடு இருந்தால் அனுப்பிவைக்கவும், இல்லையென்றால் எங்கே புதைத்தார்கள் என்று தெரியப்படுத்தவும், பெற்ற வயிறு கேட்கிறது.

'பெற்ற வயிறு' என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. ஓரத்தில், சப்பாத்துக் கடைக்கு எழுதிய அதே ஒழுங்கான கையெழுத்தில், ஆங்கிலத்தில் அதன் பொருள். நல்ல வழக்கு, அகராதிக்குச் சேர்க்கலாம் என்று ஒரு குறிப்பு.

துரைக்குத் தமிழ் தெரியும். துரை வாசித்திருக்கிறார். வார்த்தையை எடுத்துக்கொண்டிருக்கிறார். பதில் போடவில்லை. பதினொரு பெட்டிகளிலும் தேடினோம், அந்தத் தாய்க்கு எழுதிய நகல் இல்லை. நாற்பத்தொருவரில் ஒருவருக்கும் இல்லை.

அக்கா அன்று துரையோடு பேசவில்லை. கட்டைத் திரும்பக் கட்டினார். அப்போதுதான் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார். இனி யாருடைய பொறுப்பு?

நான் நிலையத்தின் பணிப்பாளரிடம் போனேன். போகாமல் இருக்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். என் திருமணத்துக்கு வந்தவர். நிதானமாகக் கேட்டார்.

"ஓம் பிள்ளை, விளங்குது. ஆனா பட்டியல் போயிட்டுது. இனி மாத்துறதெண்டா திரும்ப எல்லாரிட்டையும் ஒப்புதல் எடுக்கோணும்."

"நாற்பத்தொரு பேர், சேர்."

"இது துரையின்ர கடிதச் சேகரம். அவர் எழுதினதுதான் முக்கியம். அவருக்கு வந்த எல்லாத்தையும் ஒவ்வொண்டாப் பாத்தா எங்க போய் முடியும்? அடுத்த கட்டத்தில பாப்பம்."

அடுத்த கட்டத்தில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். துரைக்கு வந்தவற்றில் ஆளுக்கு ஒரு கடிதத்தைத்தான் மாதிரிக்குப் படம் பிடிப்பார்கள். மிச்சம் பின்பக்கக் களஞ்சியத்துக்குப் போகும். அந்தக் களஞ்சியத்தின் கூரை எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். மேசையைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். "சரி சேர்" என்று சொன்னேன். என் ஒப்பந்தம் அந்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது.

அக்கா யாரிடமும் போகவில்லை. பதில் எழுத ஆரம்பித்தார்.

பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில், நீலப் பேனாவால், சாப்பாட்டு நேரத்தில். முதலில் நான் வீட்டுக் கணக்கு எழுதுகிறார் என்று நினைத்தேன். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். அந்தத் தாய்க்கு எழுதியிருந்தார். எனக்கு ஏறக்குறைய மனப்பாடம்.

'அம்மா, நீங்க மகளப் பத்தி எழுதுன கடிதம் கெடச்சது. பதில் இவ்வளவு தாமதமானதுக்கு மன்னிக்கணும். நீங்க சொன்ன ஆஸ்பத்திரி இப்ப இல்ல. இருந்த எடத்துல டயர் கடை இருக்கு. கடக்காரரு நல்லவரு, அவருக்கு ஒண்ணும் தெரியல. பக்கத்துல பழைய சவக்காலை, பொதைக்கிற எடம் ஒண்ணு இருந்துச்சுன்னு ஒரு பெரியவர் சொன்னாரு. மேட்டுப் பக்கம். போய்ப் பாத்தேன். கல்லு ஒண்ணும் இல்ல. பில்லு வளந்திருக்கு. ஒரு மாமரம் இருக்கு. வேற தெரிஞ்சா எழுதுறேன்.'

அவர் உண்மையிலேயே போயிருந்தார். அரை நாள் லீவு போட்டு, குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, கடை கடையாகக் கேட்டு. நூறு வருடத்துக்கு முந்திய பிள்ளையை.

"அக்கா, இத எங்க அனுப்பப் போறீங்க?" என்று கேட்டேன்.

"கேட்டவங்க காயிதத்துக்குப் பக்கத்துலதான். வேற எங்க அனுப்புறது?"

அப்படியே செய்தார். ஒவ்வொரு பெட்டிசத்துக்கும் பின்னால் அதற்கான பதிலை வைத்தார். ஆவணக் கட்டுக்குள் புதுத் தாள் வைக்கக் கூடாது. மை ஒட்டும், அமிலம் இறங்கும். எனக்குத் தெரியும், நான்தான் அதைப் படித்தவள். நான் தடுக்கவில்லை. மேலிடத்துக்கும் சொல்லவில்லை. இரண்டும் செய்யாமல் இருப்பதுதான் நல்லது என்று அப்போது நினைத்தேன்.

துரையின் பரம்பரையைச் சேர்ந்த ஒருவர் இங்கிலாந்திலிருந்து வந்தார். பித்தளைப் பலகையைத் துடைத்தோம். பணிப்பாளர் கண்ணாடிப் பெட்டிகளைக் காட்டிக்கொண்டு வந்தார். துரைக்குத் தமிழ் மேல் எவ்வளவு பிரியம் என்று காட்ட, அந்தக் கட்டை எடுத்துப் பிரித்தார். பென்சில் குறிப்பைக் காட்டினார். வந்தவர் வியந்தார். அடுத்த தாளைப் புரட்டியபோது பின்பக்கத்தில் லட்சுமி படம் தெரியும் நாட்காட்டித் தாள் வந்தது. இது என்ன என்று விருந்தினர் ஆங்கிலத்தில் கேட்டார். பணிப்பாளர் வாசித்தார். அவருடைய காது சிவந்துபோனது.

தேநீர்த் தட்டோடு நின்ற அக்கா, கேள்வி தன்னிடம் கேட்கப்பட்டது போலச் சொன்னார்: "பதிலுங்க சேர்."

"ஆர் உன்னை எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. அதான் இத்தன வருசமா எழுதாமக் கெடந்துச்சு."

விருந்தினருக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, தட்டை இடுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் என் முன்னால் ஒரு தாள் வைக்கப்பட்டது. மூன்று வாக்கியங்கள். இன்ன சிற்றூழியர் ஆவணக் கட்டுக்குள் வெளித் தாள்களை வைத்தார். அதற்கு அவருக்கு அனுமதி இல்லை. இதை நான் நேரில் கண்டேன். மூன்றும் உண்மை. கையெழுத்துப் போட்டேன். உண்மைக்குத்தானே கையெழுத்துப் போட்டேன் என்று ஏழு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நூறு வருடம் பதில் போடாதவருக்குப் பித்தளைப் பலகை. பதில் போட்டவருக்கு வேலை நீக்கம். அதில் ஒரு பொய்கூட இல்லை.

கடைசி நாள் அவர் என் மேசைக்கு வந்து பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கொப்பியை வைத்தார். பிள்ளைகளுடைய அப்பியாசக் கொப்பி. நாற்பத்தொரு பெட்டிசத்தையும் அதில் வார்த்தைக்கு வார்த்தை எழுதியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே அவருடைய பதில்.

"நீ கையெழுத்துப் போட்டேன்னு சொன்னாங்க."

நான் கொப்பியைக் கையில் எடுத்தேன்.

"பேர மேல போட்டியா, கீழ போட்டியா?"

"கீழதான் அக்கா."

"அப்ப துரைமாரு மாதிரிதான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பத்திரமா வச்சிக்க. எங்க லயம் ஒழுகும்."

அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. கொப்பியை அலுமாரியின் மேல் தட்டில், சேலைகளுக்குக் கீழே வைத்தேன்.

மகள் பிறந்த பிறகு அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மன்னிப்புக் கேட்டு எழுதினேனா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. சுற்றி வளைத்து எழுதினேன். பதில் வரவில்லை. உலகத்தில் யார் பதில் போடாவிட்டாலும் அவர் போடுவார். அப்படியானால் என் மேல் அவ்வளவு வெறுப்பா, அல்லது அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதா? போன வருடம் மகளையும் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து அந்தத் தோட்டத்துக்குப் போனேன். மண் சரியும் என்று அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். குடும்பங்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. தோட்ட ஆபீஸ் விறாந்தையில் ஒரு மட்டைப் பெட்டி நிறையக் கடிதங்கள் கிடந்தன. மேலாக நாலைந்தைத் தள்ளினேன். என் கையெழுத்து. ஒட்டியது ஒட்டியபடி, பிரிக்காமல்.

"ஆளு இல்லாத காயிதங்க" என்றார் கிளாக்கர்.

"இது நான் போட்டது. எடுத்துக்கவா?"

உறையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் நான் என் பெயரோ விலாசமோ எழுதியிருக்கவில்லை. "ஒங்களுக்கு வந்தது இல்லியேங்க. எப்புடிக் குடுக்கிறது?" திரும்பப் பெட்டியில் போட்டார். மகள் என் தோளில் சூடாக இருந்தாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், வெயில்தான். அவளுக்கு அப்போது நாலு வயது முடியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த மாமரத்தை நினைத்தேன்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வாரங்களுக்கு முன் நிலையத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. துரையின் கடிதப் பட்டியலைப் புத்தகமாக அச்சிடப் போகிறார்கள். பட்டியல் போட்டவள் என்ற முறையில், அது முழுமையானது, சரியானது என்று நான் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். கூடவே, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலையும் தருவதாக எழுதியிருந்தார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். மகளை விட்டுவிட்டு வெளியே போக என்னால் முடியவில்லை.

இணையத்தில் பட்டியலைத் திறந்து பார்த்தேன். சப்பாத்துக் கடிதங்கள் மூன்றும் இருக்கின்றன. எழுத்தே இல்லாத பின்பக்கங்களைக்கூடப் படம் பிடித்திருக்கிறார்கள். கீழே என்னுடைய வரி: 'எழுதியவர் ஒருவர். பெயர் தெரியவில்லை.' மாதிரிக்கு ஒரு கடிதம். தேர் பார்க்க ஒருநாள் லீவு கேட்டு யாரோ எழுதியது. மிச்சம் நாற்பதுக்கு நேரே 'பேணப்படவில்லை' என்று இருக்கிறது. பழைய சிநேகிதி ஒருத்தியை அழைத்துக் கேட்டேன். களஞ்சியம் ஒழுகி எல்லாம் கூழாகிவிட்டது, அள்ளிக் கொட்டிவிட்டார்கள் என்றாள். "ஒரே ஆளோட கடிதம்தானேடி" என்றாள். என் வாக்கியத்தையே எனக்குச் சொன்னாள்.

ஆகவே அந்த நாற்பது பேரும் இப்போது என் அலுமாரியில் மட்டும்தான் இருக்கிறார்கள்.

கணவரிடம் சொன்னேன். "ஒனக்கு எதுக்கு இந்த வம்பு? கையெழுத்தப் போட்டு அனுப்பு. கொப்பி எங்கயும் ஓடிறாது" என்றார். ஓடாதுதான். துரையின் பெட்டியிலும் எதுவும் ஓடவில்லை.

என் பிழையை ஒப்புக்கொண்டு நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். அதில் என் பெயரை மேலே, மூன்றாவது வரியில் போட்டிருக்கிறேன். இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. கொப்பியை அதோடு அனுப்புவதா என்பதுதான் தெரியவில்லை. அனுப்பினால், ஒரு சிற்றூழியர் கையால் எழுதிய நகல், மூலம் அல்ல, வெளித் தாள் என்று ஒரு மூலையில் போடுவார்கள். அந்த மூலையும் ஒழுகும். அனுப்பாமல் வைத்திருந்தால், வாசித்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்ட துரைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? கொப்பியில் உள்ள பெயர்களைத் தேடிப்போய் அந்தந்தக் குடும்பங்களிடம் கொடுக்கலாமா? நூறு வருடம் கழித்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று மேட்டுப் பக்கம் மாமரத்தடியில் இருக்கலாம் என்று சொல்வது நல்லதா, கெடுதலா? அதைச் சொல்ல அக்காவின் அனுமதி எனக்கு இருக்கிறதா?

வெள்ளிக்கிழமைக்குள் நிலையத்துக்குப் பதில் போட வேண்டும்.

இதை வாசிப்பவர்களில் ஆவணம் பற்றித் தெரிந்தவர்கள் இருந்தால், தோட்டத்து வீட்டில் பிறந்தவர்கள் இருந்தால், பிள்ளை பெற்றவர்கள் இருந்தால், நான் என்ன செய்ய வேண்டும் என்று இந்தப் பத்திரிகையின் விலாசத்துக்கு எழுதுங்கள். ஹந்தானைப் பக்கமிருந்து இடம் மாறிப் போன, எல்லோருக்கும் கடிதம் எழுதிக் கொடுக்கும் ஒரு பெண்ணை உங்களுக்குத் தெரியுமென்றால், என்னிடம் அவர் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டாம். இதை அவர் கையில் கொடுத்தால் போதும். உங்கள் பெயரையும் விலாசத்தையும் உறையின் பின்பக்கத்தில் எழுத மறக்க வேண்டாம்.

எத்தனை நாளானாலும் பதில் போடுவேன் என்று எழுதத்தான் கை போகிறது. வேண்டாம். வந்த அன்றைக்கே போடுவேன்.